இன்னோ செட்டப்பில் நானே சேர்த்த பக்கம்: எழுத்து வெட்டுப்படுகிறது, சைலன்ட்டில் போட்டால் நின்றுவிடுகிறது

கல்லாப்பெட்டி எழுதியது:

வணக்கம். ஹார்டுவேர் கடைகளுக்கு (ஆணி, பைப், பெயின்ட் விற்கிற ஹார்டுவேர், கம்ப்யூட்டர் ஹார்டுவேர் இல்லை) பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு கடையில் மூன்று நான்கு கம்ப்யூட்டர் இருக்கும், அதில் ஒன்றில் மட்டும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மற்றவை எல்லாம் கவுன்ட்டர். அதை நிறுவும் இன்ஸ்டாலரை இன்னோ செட்டப் 6 என்ற கருவியில் உருவாக்குகிறேன். இதுவரைக்கும் இன்ஸ்டால் முடிந்ததும் ஐஎன்ஐ கோப்பை (அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) நோட்பேடில் திறந்து சர்வர் ஐபியைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைகள் கூடிப்போனதால் இனி அது நடக்காது, இன்ஸ்டாலரே கேட்கட்டும் என்று கோட் பகுதியில் பாஸ்கல் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் போய்விட்டது.

மொபைலில் தட்டுகிறேன், கோட் ஒட்ட முடியவில்லை, பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன், புரிந்துகொள்ளுங்கள்.

கிரியேட்கஸ்டம்பேஜ் போட்டு ஒரு வெற்றுப் பக்கம் எடுத்து, அதில் லேபிள், எடிட் பெட்டி எல்லாவற்றையும் லெஃப்ட் 10, டாப் 40 என்று பிக்சல் கணக்கில் வைத்தேன். என் மெஷினில் அம்சமாக இருக்கிறது. ஒரு கடை லேப்டாப்பில் திரை 125 சதவீதத்தில் இருந்தது, அங்கே லேபிள் மேல் எடிட் பெட்டி ஏறி உட்கார்ந்துகொண்டது, தமிழ் வாசகத்தில் கடைசி இரண்டு சொல்லைக் காணோம்.

இரண்டாவது, பழைய ஐஎன்ஐ கோப்பு இருந்தால் அதிலிருந்து ஐபியை எடுத்துப் பெட்டியில் நிரப்பலாம் என்று இனிஷியலைஸ்விசார்டு (விசார்டு, அதாவது நெக்ஸ்ட் அழுத்திப் போகும் பக்கங்கள், உருவாகும்போது ஓடுவது) உள்ளே ஆப் ஃபோல்டரை (மென்பொருள் ஏறும் ஃபோல்டர்) தேடினால், ஆப் கான்ஸ்டன்ட் தயாராவதற்கு முன்னாலேயே விரிக்கப் பார்க்கிறாய் என்று இன்டர்னல் எரர் வந்து மொத்தமாக மூடிக்கொள்கிறது.

மூன்றாவதுதான் மானம் போன கதை. ஐபி காலியாக இருந்தால் நெக்ஸ்ட்பட்டன்கிளிக் உள்ளே எம்எஸ்ஜிபாக்ஸ் (செய்திப் பெட்டி) காட்டி ஃபால்ஸ் திருப்புகிறேன். ஐந்தாறு கிளை வைத்திருக்கிற ஒரு வாடிக்கையாளர், அவரிடம் சிஸ்டம் பார்க்கிற பையன் ராத்திரி கடை மூடினபின் எல்லா மெஷினுக்கும் வெரிசைலன்ட் சுவிட்ச் (விசார்டைத் திரையில் காட்டாமல் நிறுவச் சொல்வது) போட்டு அனுப்பியிருக்கிறார். காலையில் பார்த்தால் ஒன்றிலும் ஏறவில்லை, டாஸ்க் மேனேஜரில் செட்டப் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. போன் பண்ணி "அண்ணே, சைலன்ட்னு சொன்னா சைலன்ட்டாத்தான் இருக்கு" என்றார்.

பேசாமல் இந்தப் பக்கத்தை எல்லாம் தூக்கிவிட்டு, விசார்டு தொடங்கும் முன்னாலேயே கிரியேட்கஸ்டம்ஃபார்ம் வைத்துத் தனி டயலாக் ஒன்று பாப்அப்பாகக் காட்டிக் கேட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

---

செமிகோலன் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். தனி டயலாக் போட்டால் பேக் பட்டன் போச்சு, பயனர் ஐபியைத் தப்பாகத் தட்டிவிட்டு நாலு பக்கம் தாண்டி உணர்ந்தால் திரும்பி வர வழி இல்லை. சைலன்ட்டிலும் உங்கள் டயலாக் எழுந்து நிற்கும், ஏனென்றால் அது விசார்டுக்குச் சொந்தமில்லை, ஷோமோடல் என்று நீங்கள் சொன்னால் அது காட்டத்தான் செய்யும். விசார்டுக்குள்ளேயே இருங்கள்.

வெற்றுப் பக்கமும் தேவையில்லை. இன்னோவே தயார்ப் பக்கங்கள் வைத்திருக்கிறது, எடுத்துக்காட்டு ஃபோல்டரில் கோட்டிஎல்ஜி என்று ஒரு ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது, அதைத் திறந்து ஒருமுறை கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

உங்களுக்கு இரண்டு பக்கம் போதும். முதலாவது கிரியேட்இன்புட்ஆப்ஷன்பேஜ், எக்ஸ்க்ளூசிவ் ட்ரூ கொடுத்தால் ரேடியோ பட்டன்: மெயின் கம்ப்யூட்டரா, கவுன்ட்டரா. இதில் செலக்டட்வேல்யூஇன்டெக்ஸ் பூஜ்யம் என்று தொடக்கத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் எதுவும் தேர்வாகாமல் மைனஸ் ஒன்று இருக்கும், ஆள் கவனிக்காமல் நெக்ஸ்ட் அழுத்திப் போய்விடுவார். இரண்டாவது கிரியேட்இன்புட்குவெரிபேஜ், அதில் ஆட் போட்டு ஐபி, போர்ட். பாஸ்வேர்டு கேட்பதென்றால் ஆட்-இன் இரண்டாவது மதிப்பு ட்ரூ, எழுத்துகள் மறைந்துவிடும். லேபிள் எங்கே, பெட்டி எங்கே என்ற கணக்கை எல்லாம் அந்தப் பக்கமே பார்த்துக்கொள்ளும், 125 சதவீதத்திலும் சேர்த்து.

முதல் பக்கத்தை டபிள்யூபிசெலக்ட்டிர் (ஃபோல்டர் தேர்வுப் பக்கம்) பின்னால் வையுங்கள், இரண்டாவதை முதல் பக்கத்தின் ஐடி பின்னால். மெயின் கம்ப்யூட்டர் என்றால் ஐபி பக்கமே வேண்டாமே? ஷுட்ஸ்கிப்பேஜ் ஃபங்ஷனில், வந்திருக்கும் பேஜ்ஐடி சர்வர் பக்கத்தின் ஐடியாக இருந்து, முதல் பக்கத்தில் பூஜ்யம் தேர்வாகியிருந்தால் ட்ரூ திருப்புங்கள். ஒரே வரி. ஐடி என்றதும் ஞாபகம் வருகிறது, சிலர் 101 என்று எண்ணையே எழுதிவிடுவார்கள். நாமே உருவாக்கும் பக்கங்களுக்கு 100-லிருந்து எண் போகும் என்பது உண்மைதான், ஆனால் ஆறு மாதம் கழித்து நடுவில் ஒரு பக்கம் சேர்த்தால் எல்லாம் ஒரு எண் தள்ளிப்போகும், அப்புறம் வேறு பக்கத்தில் போய் ஐபி எங்கே என்று கேட்கும். நான் இதில் அடிபட்டிருக்கிறேன். பக்கத்தை குளோபல் வேரியபிளில் பிடித்துவைத்து அதன் ஐடியோடு ஒப்பிடுங்கள்.

ஆப் கான்ஸ்டன்ட் எரர்: விசார்டு உருவாகிற நேரத்தில் பயனர் இன்னும் ஃபோல்டரே தேர்வு செய்யவில்லை, அப்புறம் ஆப் எங்கிருந்து வரும்? பழைய மதிப்புக்கு ஐஎன்ஐ கோப்பைத் தேடாதீர்கள். ரிஜிஸ்டர்ப்ரீவியஸ்டேட்டா என்ற ஈவென்ட்டில் செட்ப்ரீவியஸ்டேட்டா போட்டுச் சேமியுங்கள், அடுத்த அப்டேட்டில் இனிஷியலைஸ்விசார்டு உள்ளேயே கெட்ப்ரீவியஸ்டேட்டா என்று கேட்டால் கொடுக்கும். அன்இன்ஸ்டால் ரிஜிஸ்ட்ரி கீயில்தான் அது போய் உட்காருகிறது, ஆகவே ஆப்ஐடி (இன்ஸ்டாலரில் உங்கள் மென்பொருளுக்குத் தரும் அடையாளம்) மாறக்கூடாது. பாஸ்வேர்டை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

ஐஎன்ஐ எழுதுவதற்கும் கோட் வேண்டாம். ஐஎன்ஐ பகுதியில் ஸ்ட்ரிங் மதிப்பாக கோட் கான்ஸ்டன்ட் கொடுத்து, உங்கள் ஃபங்ஷன் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஃபங்ஷன் ஒரு ஸ்ட்ரிங் வாங்கி ஒரு ஸ்ட்ரிங் திருப்ப வேண்டும், தேவைப்படாவிட்டாலும் வாங்கியே ஆக வேண்டும். கோப்பை ப்ரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே வைக்காமல் காமன்ஆப்டேட்டாவில் (எல்லாப் பயனருக்கும் பொதுவான டேட்டா ஃபோல்டர்) வைத்தால் நல்லது.

---

இரவுப்பணி எழுதியது:

நான் அந்தப் பையனின் கட்சி. இப்படிப்பட்ட இன்ஸ்டாலர்களை வாங்கி நூற்றுக்கணக்கான மெஷினில் தள்ளுகிற வேலை எனக்கு, உங்களைப் போன்றவர்களைத் திட்டிக்கொண்டேதான் ராத்திரி டீ குடிப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் செட்டப் ஏன் நின்றது என்று சொல்கிறேன். சைலன்ட் என்றால் பக்கங்கள் இல்லை என்று நினைக்கிறோம், அது தப்பு. பக்கங்கள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இன்னோவே ஒவ்வொரு பக்கத்திலும் நெக்ஸ்ட் அழுத்துகிற மாதிரி நடிக்கும், அதனால் உங்கள் நெக்ஸ்ட்பட்டன்கிளிக் சைலன்ட்டிலும் கூப்பிடப்படும். ஐபி காலி. எம்எஸ்ஜிபாக்ஸ் வந்தது. சைலன்ட் சுவிட்ச் எம்எஸ்ஜிபாக்ஸைத் தடுக்காது. ராத்திரி வேலை ஷெட்யூல்டு டாஸ்க்கில் சிஸ்டம் கணக்கில் ஓடியிருந்தால் அந்தச் சன்னல் எந்தத் திரையிலும் வராது, யாரும் ஓகே அழுத்தவும் முடியாது. விடிய விடிய காத்திருந்திருக்கும், பாவம்.

எம்எஸ்ஜிபாக்ஸ் இருக்கும் இடத்தில் சப்ரெஸிபிள்எம்எஸ்ஜிபாக்ஸ் போடுங்கள். கூடுதலாக ஒரு டீஃபால்ட் பதில் கேட்கும், ஐடிஓகே கொடுங்கள். சைலன்ட்டோடு சப்ரெஸ்எம்எஸ்ஜிபாக்ஸஸ் சுவிட்சும் வந்தால் பெட்டி காட்டாமல் அந்தப் பதிலையே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு நீங்கள் ஃபால்ஸ் திருப்பினால் சைலன்ட்டில் செட்டப் தானாகவே வெளியேறிவிடும். தொங்கிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். பக்கத்தில் லாக் ஃபங்ஷனை வைத்து "சர்வர் ஐபி தரப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவையுங்கள், நாங்கள் லாக் சுவிட்ச் போட்டுத்தான் ஓட்டுவோம், காலையில் அந்த ஒரு வரி கண்ணில் பட்டால் உங்களுக்குப் போன் வராது.

ஆனால் உண்மையான தீர்வு, கமாண்ட் லைனில் ஐபியை வாங்குவது. பாராம் கான்ஸ்டன்ட் என்று ஒன்று இருக்கிறது, சர்வர் என்ற பெயரில் சுவிட்ச் கொடுத்தால் எக்ஸ்பேண்ட்கான்ஸ்டன்ட் மூலம் அதை எடுக்கலாம், குழாய்க் குறிக்குப் பின்னால் டீஃபால்ட்டும் வைக்கலாம். இனிஷியலைஸ்விசார்டு உள்ளே பக்கத்தின் வேல்யூஸ் பூஜ்யத்தில் அதை நிரப்பிவிடுங்கள். முதலில் கமாண்ட் லைன், அது இல்லையென்றால் போன முறை சேமித்தது, அதுவும் இல்லையென்றால் காலி. இப்படிச் செய்தால் சோதனை எல்லாம் ஒரே இடத்தில், ஆள் தட்டினாலும் சுவிட்ச் கொடுத்தாலும் அதே நெக்ஸ்ட்பட்டன்கிளிக் வழியாகத்தான் போகும். சிலர் விசார்டுசைலன்ட் ட்ரூ என்றால் சோதனையையே தாண்டிவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் காலி ஐபியோடு இன்ஸ்டால் ஆகி காலையில் பில் போட முடியாமல் கடைக்காரர் நிற்பார். அதைவிட ஏறாமலேயே இருந்திருக்கலாம்.

மெயின், கவுன்ட்டர் தேர்வுக்கும் ஒரு சுவிட்ச் வையுங்கள், மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் சைலன்ட்டில் போகிற எல்லா மெஷினும் தன்னை மெயின் என்று நினைத்துக்கொள்ளும்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதோடுதான். இன்புட்குவெரிபேஜுக்கு மாற்றினதும் கோட் பாதியாகிவிட்டது. சைலன்ட் சுவிட்ச் எல்லாம் வைத்து ஓட்டிப் பார்த்தேன், ஐபி கொடுத்தால் ஏறுகிறது, கொடுக்காவிட்டால் லாக்கில் எழுதிவிட்டு வெளியே வருகிறது.

இப்போது ஆசை கூடிவிட்டது. ஐபி பெட்டிக்குக் கீழே "இணைப்பைச் சோதி" என்று ஒரு பட்டன் வேண்டும். வைத்தும் விட்டேன், பக்கத்தின் சர்ஃபேஸை பேரன்ட் ஆக்கினால் வந்துவிடுகிறது. டேட்டாபேஸைத் தொட்டுப் பார்க்கச் சின்ன எக்ஸ்இ ஒன்று எழுதி, டோன்ட்காப்பி ஃபிளாக்கோடு சேர்த்து, எக்ஸ்ட்ராக்ட்டெம்பரரிஃபைல் செய்து (தற்காலிகமாக வெளியே எடுத்து) எக்ஸெக் போட்டு ஓட்டுகிறேன். சிக்கல் என்னவென்றால், சர்வரை அணைத்துவிட்டு அழுத்தினாலும் "இணைப்பு சரி" என்றே சொல்கிறது. இவ்வளவு நம்பிக்கை எனக்கே கிடையாது.

தமிழ் வெட்டுப்படுவதும் முழுதாகத் தீரவில்லை. பெட்டிகளுக்கு மேல் உள்ள லேபிள் சரியாகிவிட்டது, ஆனால் பட்டனுக்குக் கீழே நானே வைத்த குறிப்பு இரண்டாம் வரியில் பாதி உயரத்தோடு நிற்கிறது, பட்டனில் "இணைப்பைச் சோ" வரைக்கும்தான் தெரிகிறது.

---

செமிகோலன் எழுதியது:

எக்ஸெக் ட்ரூ என்றால் எக்ஸ்இ கிளம்பியது என்று மட்டும்தான் அர்த்தம், வேலை ஜெயித்ததா என்பது கடைசியில் வரும் ரிசல்ட்கோடில் இருக்கிறது. உங்கள் எக்ஸ்இ இணைப்புக் கிடைத்தால் பூஜ்யம், கிடைக்காவிட்டால் ஒன்று என்று எக்ஸிட் கோட் கொடுக்கட்டும். எக்ஸெக் ட்ரூவாகவும் ரிசல்ட்கோட் பூஜ்யமாகவும் இருந்தால் மட்டும் சரி என்று காட்டுங்கள். ஈடபிள்யூவெயிட்அன்டில்டெர்மினேட்டட் போட்டிருக்கிறீர்கள்தானே? நோவெயிட் என்றால் எக்ஸிட் கோட் எங்கிருந்து கிடைக்கும்.

எக்ஸெக் முன்னால் பட்டனையும் விசார்டுஃபார்ம் நெக்ஸ்ட்பட்டனையும் முடக்கிவிட்டு, முடிந்ததும் ட்ரை ஃபைனலி வைத்துத் திரும்ப இயக்குங்கள். தப்பான ஐபி என்றால் டைம்அவுட் ஆகச் சில நொடி பிடிக்கும், அந்த நேரத்தில் நம் ஆட்கள் பட்டனைச் சும்மா விடமாட்டார்கள்.

இன்னொன்று, அப்டேட்ரெடிமெமோ எழுதினீர்களா? "நிறுவத் தயார்" பக்கத்தில் சர்வர் ஐபியும் ஒரு வரியாக வந்தால் கடைசி நேரத்தில் ஒருமுறை கண்ணில் படும். அந்த ஃபங்ஷனை நீங்கள் எழுதிவிட்டால் பழைய வாசகம் தானாக வராது, மெமோடிர்இன்ஃபோ முதலியவற்றை நீங்கள்தான் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

---

எழுத்துரு_கிறுக்கன் எழுதியது:

தமிழ் என்றதும் உள்ளே வந்தேன்.

இன்னோ 6-இல் டயலாக் எழுத்துரு என்று தஹோமாவைப் பார்த்திருப்பீர்கள். தஹோமாவில் தமிழே கிடையாது. எழுத்து தெரிகிறதே என்றால், விண்டோஸ் பின்னாலிருந்து வேறு எழுத்துருவை எடுத்துக் கொடுக்கிறது, விண்டோஸ் 8-க்குப் பிறகு நிர்மலா யூஐ, அதற்கு முன்னால் லதா. நீங்கள் ஒரு எழுத்துருவை நினைத்து அளவு போடுகிறீர்கள், திரையில் வருவது அகலமும் உயரமும் வேறான இன்னொன்று. கொம்பு, சுழி, கீழே இறங்கும் உகரம் எல்லாம் வெட்டுப்படுவது இதனால்தான். லாங்ஆப்ஷன்ஸ் பகுதியில் தமிழுக்கு மட்டும் டயலாக்ஃபான்ட்நேம் நிர்மலா யூஐ என்று கொடுங்கள். ஸ்கேல்எக்ஸ், ஸ்கேல்ஒய் இரண்டும் டயலாக் எழுத்துருவின் அளவை வைத்தே கணக்குப் போடுகின்றன, ஆகவே வெறும் எண்ணாக நீங்கள் எழுதிய ஒவ்வொரு அகலம், உயரத்தையும் அவற்றுக்குள் போட்டு எடுங்கள்.

குறிப்புக்கு: நியூஸ்டாட்டிக்டெக்ஸ்ட்தானே? முதலில் பேரன்ட், பிறகு ஆட்டோசைஸ் ஃபால்ஸ், வேர்ட்ராப் ட்ரூ, அகலத்துக்குப் பக்கத்தின் சர்ஃபேஸ்விட்த், அப்புறம் கேப்ஷன், கடைசியாக அட்ஜஸ்ட்ஹைட். இந்த வரிசையில் செய்யுங்கள். உயரத்தைக் கையால் கொடுக்கவே வேண்டாம். அதற்குக் கீழே இன்னொன்று வைப்பதானால் அதன் டாப், குறிப்பின் டாப் கூட்டல் உயரம் கூட்டல் ஸ்கேல்ஒய் 8. பட்டனுக்கு கால்குலேட்பட்டன்விட்த் இருக்கிறது, கேப்ஷனைக் கொடுத்தால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று சொல்லிவிடும். 75 பிக்சலில் ஆங்கிலத்து ஓகே அடங்கும், "இணைப்பைச் சோதி" அடங்காது.

வாசகத்தை கோடுக்குள் எழுதாமல் கஸ்டம்மெசேஜஸ் பகுதியில் டிஏ புள்ளி வைத்துத் தமிழும் இஎன் புள்ளி வைத்து ஆங்கிலமும் எழுதி கஸ்டம்மெசேஜ் ஃபங்ஷனால் எடுங்கள். ஸ்கிரிப்ட் கோப்பை யூடிஎஃப்-8 ஆக, பிஓஎம்-உடன் (கோப்பின் தொடக்கத்தில் வரும் குறியீட்டு அடையாளம்) சேமியுங்கள், ஏஎன்எஸ்ஐ-யில் சேமித்துவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், பிறகு திரும்பக் கிடைக்காது.

அப்புறம் ஒரு சொந்தக் கருத்து. உங்கள் பழைய லேபிளில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் "தரவுத்தள வழங்கியின் இணைய நெறிமுறை முகவரியை உள்ளிடவும்" மாதிரி ஏதாவது என்றால் எந்த எழுத்துருவும் காப்பாற்றாது. கடையில் அதை என்னவென்று சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். நான் தூய தமிழ்க் கட்சிதான், இருந்தாலும் சொல்கிறேன்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

கிட்டத்தட்ட அதேதான் எழுதியிருந்தேன், "உள்ளிடுக" என்று முடித்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம் :) இப்போது "மெயின் கம்ப்யூட்டர் ஐபி" என்று மாற்றிவிட்டேன், ஒரே வரியில் நிற்கிறது.

நிர்மலா யூஐ வைத்ததும் எழுத்து வெட்டுப்படுவது நின்றது. எக்ஸிட் கோட் மாற்றினேன், சர்வரை அணைத்தால் இப்போது ஒழுங்காக இல்லை என்கிறது. ரெடி பக்கத்திலும் ஐபி வருகிறது.

ஒன்றுதான் பாக்கி. ஐபி, போர்ட், யூசர், பாஸ்வேர்டு என்று நான்கு பெட்டி, அதற்குக் கீழே பட்டன், குறிப்பு. 150 சதவீதத்தில் குறிப்பு பக்கத்துக்கு வெளியே போய்விட்டது. ஸ்க்ரோல் வரவில்லை.

---

செமிகோலன் எழுதியது:

வராது, அந்தப் பக்கத்துக்கு ஸ்க்ரோல் கிடையாது. நான்கு பெட்டி கேட்க வேண்டிய அவசியம் என்ன? போர்ட் எல்லாக் கடையிலும் 5432 தானே? அதைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு பாராம் டீஃபால்ட்டாக வையுங்கள், மாற்ற வேண்டிய ஒரே ஒரு கடை வந்தால் சுவிட்ச்சில் கொடுக்கட்டும். யூசர் பெயரும் நீங்கள் வைத்ததுதான் என்றால் அதுவும் அப்படியே. விசார்டுசைஸ்பர்சென்ட்டை (விசார்டு சன்னலின் அளவு) கூட்டியும் இடம் பெறலாம், ஆனால் கடை மானிட்டர்கள் சின்னவை, நான் செய்யமாட்டேன்.

---

இரவுப்பணி எழுதியது:

பாஸ்வேர்டை ரன் பகுதியில் எந்த எக்ஸ்இ-க்காவது பாராமீட்டராக அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் அந்த வரியில் டோன்ட்லாக்பாராமீட்டர்ஸ் ஃபிளாக் போடுங்கள். லாக்கில் அது வெட்டவெளிச்சமாக வரும், அந்த லாக்கை நான்தான் படிப்பேன்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

அனுப்புகிறேன். ஃபிளாக் போடவில்லை. இப்போதே போடுகிறேன்.

இரண்டு பெட்டிதான் இப்போது, 150-லும் எல்லாம் உள்ளே அடங்குகிறது. நாளை ராத்திரி அந்தப் பையனே ஒரு கிளையில் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார், லாக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.